ஆனதோத் நிலத்தின் கிரயப் பத்திரம்

(சபைக் குடும்பக் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஐயர் அவர்களுக்கும் சபையார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

கர்த்தருடைய வார்த்தை சத்தியம் என்று நம்புகிறீர்களா என்று கேட்டால், இங்கே யாரும் "இல்லை" என்று சொல்லப்போவதில்லை. நானும் சொல்ல மாட்டேன். அதனால் அந்தக் கேள்வியை அப்படியே வைத்துவிட்டு, ஒரு பத்திரத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பத்திரம் எழுதுவதுதான் என் பிழைப்பு என்று உங்களில் பலருக்குத் தெரியும். அதனாலோ என்னவோ, எரேமியா 32-ஆம் அதிகாரம் வந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். ஆபிரகாம் சாராளை அடக்கம் செய்ய மக்பேலா நிலத்தை வாங்கிய இடத்தில் நல்ல பேரம் இருக்கிறது, ஆனால் எழுத்து வேலை இல்லை. எரேமியா தீர்க்கதரிசியின் கிரயத்தில் எல்லாமே இருக்கிறது.

சூழ்நிலையை முதலில் பாருங்கள். யூதாவின் ராஜா சிதேக்கியாவின் பத்தாம் வருஷம், ஏறக்குறைய கி.மு. 587. பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். "இந்த நகரம் பாபிலோன் ராஜாவின் கையில் விழும்" என்று பேசியதுதான் குற்றம். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து நிற்கிறார். "ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை நீ வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்குத்தான்" என்கிறார்.

ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே சுமார் 5 கிலோமீட்டர்தான். ஆனால் எதிரியின் சேனை வெளியே இருக்கிறது, வாங்குகிறவரோ உள்ளே, அதுவும் கைதியாக. நிலத்தைப் போய்ப் பார்க்கக்கூட முடியாது. இன்றைய வழக்கப்படி அதற்கு வில்லங்கம் போட்டுப் பார்த்திருந்தால் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் பெயர்தான் வந்திருக்கும். இதோடு முடியவில்லை. எரேமியாவின் சொந்த ஊர் அது. "தீர்க்கதரிசனம் சொல்லாதே, சொன்னால் எங்கள் கையால் சாவாய்" என்று அவரை மிரட்டினவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான், 11-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அப்புறம், கல்யாணம் செய்யக்கூடாது, பிள்ளைகள் வேண்டாம் என்று கர்த்தரே அவருக்குச் சொல்லியிருந்தார். ஆக, எழுதி வாங்குபவருக்கு வாரிசும் கிடையாது. இப்படி ஒரு கட்சிக்காரர் என்னிடம் வந்தால், "ஐயா, ஒரு வாரம் யோசித்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிடுவேன்.

எரேமியா வாங்கினார். 17 சேக்கல் வெள்ளி, நம் கணக்கில் சுமார் 200 கிராம். சாட்சிகளை வைத்து, வெள்ளியைத் தராசிலே நிறுத்துக் கொடுத்தார். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். முத்திரை போட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுத்து, வெகுநாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்திலே வைக்கச் சொன்னார். இந்தத் தேசத்தில் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் மறுபடியும் வாங்கப்படும் என்று கர்த்தர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு எந்த ஆதாரமும் அந்தக் கிரயத்துக்கு இல்லை.

நான் இங்கே கவனிக்கிறது பணத்தை. வாயால் ஆமென் சொல்ல எரேமியாவுக்கு 17 சேக்கல் தேவையில்லை. உண்மையில் ஒருமுறை அவர் வாயால் மட்டும் ஆமென் சொல்லியிருக்கிறார். 28-ஆம் அதிகாரத்தில் அனானியா என்கிற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று தேவாலயத்தில் எல்லார் முன்னாலும் அறிவித்தார். கேட்க நன்றாக இருந்தது. எரேமியாவும் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். ஆனால் அந்த வார்த்தையை நம்பி அவர் எதையும் செய்யவில்லை. கர்த்தர் சொன்னது எழுபது வருஷம் என்று அவருக்குத் தெரியும்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் நாம் வாக்குத்தத்த அட்டை, அதாவது வரும் வருஷத்துக்கென்று ஒரு வசனம் எழுதிய அட்டை, எடுக்கிறோம். அது தவறு என்று சொல்ல நான் வரவில்லை. என் பர்சிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் அட்டை சிறியது, நமக்குப் பிடித்ததை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ள வசதியாக இருக்கிறது. இதே 32-ஆம் அதிகாரத்தின் 27-ஆம் வசனம் எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! "என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்று உண்டோ?" அடுத்த வசனத்தில் என்ன இருக்கிறது? இந்த நகரத்தைக் கல்தேயர் கையில், அதாவது பாபிலோனியர் கையில், ஒப்புக்கொடுக்கிறேன் என்று இருக்கிறது. 28-ஆம் வசனத்தை எந்த நாட்காட்டியிலும் நான் பார்த்ததில்லை. இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்தவை. இரண்டும் நடந்தன. அடுத்த வருஷம் நகரம் விழுந்தது. கி.மு. 538-இல் பெர்சிய ராஜா கோரேஸ் யூதர்களைத் திரும்பிப் போகவிட்டார். திரும்பி வந்தவர்களின் பட்டியல் எஸ்றா 2-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பெயர்கள்தானே என்று நாம் தாண்டிப் போகிற அதிகாரம் அது. 23-ஆம் வசனத்தை நிறுத்தி வாசியுங்கள்: ஆனதோத்தின் மனிதர் 128 பேர். எரேமியா அதைப் பார்க்கவில்லை. அவரை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சந்தேகம் வந்தாலே விசுவாசம் போய்விட்டது என்று பயப்படுகிறவர்கள் நம் சபையில் இருக்கிறார்கள். பத்திரத்தைப் பாருக்கிடம் கொடுத்த பிறகு எரேமியா ஜெபிக்கிறார். ஜெபம் எங்கே போய் முடிகிறது தெரியுமா? "நகரம் கல்தேயர் கையில் போகிறதே, நீரோ நிலத்தைப் பணத்துக்கு வாங்கு என்றீரே" என்று முடிகிறது. பணம் கொடுத்தாயிற்று, கையெழுத்துப் போட்டாயிற்று, இன்னும் அவருக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பதைக் கர்த்தரிடமே சொல்கிறார். அதற்காக அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை. அந்த 27-ஆம் வசனமே இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான்.

சரி, நம் வாழ்க்கைக்கு வருவோம். நோய், வேலை, பிள்ளைகளின் படிப்பு, இதிலெல்லாம் வசனத்தைப் பிடித்துக்கொள்ள நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆபத்தில் பிடிக்காமல் என்ன செய்வோம்? என் மேசைக்கு முன்னால் நான் பார்க்கிறது வேறு. மனை வாங்குகிறவர் நல்ல விசுவாசி. பெயர் எல்லாம் சொல்லி முடித்தபிறகு குரலைத் தாழ்த்தி, "வழிகாட்டி மதிப்புக்கே போட்டுவிடுங்கள் அண்ணே, மீதியைக் கையில் கொடுத்துக்கொள்கிறோம்" என்பார். அதாவது, உண்மை விலையை மறைத்து, அரசு குறித்திருக்கிற மதிப்பை மட்டும் பத்திரத்தில் காட்டச் சொல்கிறார். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்ற வசனம் அவருக்கு மனப்பாடம். அது உண்மை என்றும் நம்புகிறார். ஆனால் முழு விலையைப் போட்டால் அரசுக்குக் கட்ட வேண்டிய தொகையையும் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பதை மட்டும் நம்ப முடியவில்லை. முற்றுகைக்குள் இருந்த மனிதர் சாட்சிகள் பார்க்க வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார்.

இதைவிட எனக்குக் கஷ்டமாக இருப்பது விடுதலைப் பத்திரம், அதாவது சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம். 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவ அப்பாவின் சொத்தில், அம்மாவின் பங்கு போக, மகனுக்கும் மகளுக்கும் சமமான பங்கு. ஆனால் அக்காவையோ தங்கையையோ கூட்டிக்கொண்டு வந்து, "உனக்குத்தான் கல்யாணத்துக்கு நகை போட்டோமே" என்று கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தப் பெண் எந்தப் பக்கத்தையும் வாசிக்க மாட்டாள். பேனாவைக் கொடுத்த இடத்தில் போடுவாள். அண்ணன் வீட்டுக்குப் போனால் வாசலுக்கு மேலேயே வசனம் இருக்கும்: "நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை."

எபிரெயர் 13-இல் ஐந்தாம் வசனம் அது. அதன் தொடக்கத்தை இன்றைக்கு வீட்டுக்குப் போய் வாசியுங்கள். பண ஆசையில்லாதவர்களாய் நடந்து, இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள் என்று இருக்கிறது. ஏன் போதும்? நான் உன்னைக் கைவிடுவதில்லை என்று கர்த்தர் சொல்லியிருக்கிறாரே, அதனால். தங்கையின் மூன்று சென்ட் இல்லாமலும் உன் பிள்ளைகள் பிழைப்பார்கள் என்பதற்காகத்தான் அந்த வாக்கு கொடுக்கப்பட்டிருக்கிறது. முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை வாசலில் மாட்டுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன் அண்ணன் ஒருவர், விடுதலைப் பத்திரம் எழுதச் சொல்லி எல்லாக் காகிதத்தையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பதிவுக்கு முந்தின நாள் சாயங்காலம் திரும்பி வந்து, "அதை எழுத வேண்டாம், பாகப்பிரிவினையாக எழுதுங்கள், தங்கச்சிக்கும் சரிபாதி வரட்டும்" என்றார். எனக்குக் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. செலவு கூடும் என்றேன். தெரியும் என்றார். அவருடைய மனைவிக்கு அதில் இன்றுவரை வருத்தம்தான். தெருப்பக்க மனை தங்கைக்குப் போனதால், இவர்கள் கட்ட நினைத்திருந்த இரண்டு கடைகளில் ஒன்றைத்தான் கட்ட முடிந்தது.