ஆலை வாசல் இல்லாத ஊரில் தொழிலாளர் கட்சி

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஹார்வி மில் சங்கு ஊதிய காலத்தில், தொழிலாளர் கட்சிக்கு வேலை கடினம். ஆனால் வழி தெளிவு. ஷிப்ட் மாறும் அரைமணி நேரம் வாசலில் நின்றால் ஆயிரக்கணக்கானோர் கைக்கு நோட்டீஸ் போய்விடும். சம்பள நாளில் அங்கேயே சந்தா. வாசல் கூட்டத்தில் பேசியது அன்றிரவே பொன்னகரம், ஆரப்பாளையம் வீடுகளில் பேச்சாகும். 1957-இல் கே.டி.கே. தங்கமணியும் 1967-இல் பி. ராமமூர்த்தியும் மதுரையிலிருந்து நாடாளுமன்றம் போனதற்கு இந்த வாசல்களும் காரணம்.

அவர்கள் கம்யூனிஸ்டுகள். நான் இன்று பேச வந்தது இன்னும் அகலமான வட்டத்தைப் பற்றி. தேர்தலில் வென்று, வரி வாங்கி, அதைப் பள்ளியாகவும் மருத்துவமாகவும் ஓய்வூதியமாகவும் திருப்பித் தர நினைக்கும் நடு இடதுசாரிக் கட்சிகள்தான் அந்த வட்டம். அவற்றுக்கும் அடித்தளம், ஓரிடத்தில் கூடி வேலை செய்த மக்கள்தான்.

அந்த அடித்தளம் உலகெங்கும் கலைந்திருக்கிறது. ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சி 1972-இல் 45.8 விழுக்காடு வாங்கியது, 2025-இல் 16.4. பிரிட்டனில் தொழிற்கட்சி 2019-இல் 202 இடங்களுக்குச் சுருங்கியது. 1950 முதல் கைவிடாத போல்சோவர் போன்ற நிலக்கரிச் சுரங்கத் தொகுதிகளே அப்போது போயின. 2024-இல் அதே கட்சி 411 இடங்களில் வென்றதே என்று கேட்கலாம். வாக்கு 34 விழுக்காட்டுக்கும் குறைவு. எதிர்த்தரப்பு பிளந்ததால் கிடைத்த அகலம் அது, ஆழம் இல்லை.

காரணம் பொருளாதாரம் மட்டுமல்ல. தொழிலாளி வீட்டுப் பிள்ளை படித்து மேலே வந்தது கட்சிக்குப் பெரிய வெற்றி. ஆனால் கட்சிக்குள் பேசுவது, தீர்மானம் எழுதுவது, வேட்பாளர் ஆவது எல்லாம் படித்தவர் கையில் சேர்ந்தபோது, படிக்க வழியில்லாமல் நின்றவருக்குக் கட்சியின் மொழியே அந்நியமாகிவிட்டது. அவர் கொள்கையை மறுத்து விலகவில்லை. தன்னை யாரும் தேடி வராததால் விலகினார்.

மதுரையில் இன்று அவர் எங்கே இருக்கிறார்? சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண் வீட்டுத் திண்ணையில், பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறார். அப்பளம் இடுகிறவரும் அப்படித்தான். உணவு கொண்டுபோகிற இளைஞர் ஓட்டல் வாசலில் வண்டி மேல் உட்கார்ந்திருக்கிறார். நிறுவனம் அவரைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்வதில்லை, 'பார்ட்னர்' என்கிறது. அதனால் செயலியில் அவருடைய ஐடியை பிளாக் செய்தால், யார்மேல் வழக்குப் போடுவது என்பதிலேயே சிக்கல் தொடங்குகிறது.

இவர்களுக்குப் புதிய வாசல், உதவித்தொகை தரும் அரசு நலவாரியத்தில் பெயர் பதிய உதவும் மேசை என்பது என் உறுதியான கருத்து. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. செயலி வழி வேலை செய்வோருக்கும் 2023-இல் தமிழக அரசு வாரியம் அறிவித்தது. சட்டம் தாளில் இருக்க, ஆள் வெளியே நிற்கிறார். ஏன்? ஆதாரில் இனிஷியல் முன்னால், வங்கிப் பாஸ்புக்கில் பின்னால். ஆதாரோடு இணைத்த பழைய சிம் தொலைந்துபோனதால் ஓடிபி வராது. பதிவைப் புதுப்பிக்கும் தேதி கடந்தது தெரியாமல், தொழிலாளி இறந்தபின் அவர் மனைவி உதவித்தொகைக்குப் போய் நிற்பார். கட்சியின் வார்டுக் கிளை இதைத்தான் கையில் எடுக்க வேண்டும். வாரம் ஒரு நாள், ஒரே இடம், இரண்டு பேர், ஒரு நோட்டுப் புத்தகம். பெயர், தொழில், விண்ணப்ப எண், புதுப்பிக்கும் மாதம் ஆகிய நான்கு பத்திகள் போதும். நோட்டு கிளைக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். செயலாளர் வீட்டுப் பீரோவுக்குள் போனால், அவர் கட்சி மாறும் நாளில் அதுவும் போய்விடும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. காரியம் முடித்துக் கொடுப்பதோடு நின்றால் கட்சி இலவசத் தரகராகிவிடும். மனு ஐம்பது சேரும்போது ஒரே தடை திரும்பத் திரும்ப வருவது தெரியும். அதை மாநகராட்சி மாமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் கோரிக்கையாகக் கொண்டுபோவதுதான் அரசியல். 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு உறுப்பினர்களில் குறைந்தது 40 விழுக்காட்டினர், வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பூக்கடை, பழவண்டிக்காரர்களை அந்தத் தேர்தலுக்குத் தயார் செய்யும் கட்சிக்கு, மேடைப் பேச்சாளர்களைத் தேடி அலைய வேண்டியிராது. தலைவர்கள் அங்கிருந்தே வருவார்கள்.

கூட்ட நேரத்தையும் மாற்ற வேண்டும். இரவு 7 மணி என்பது ஆலைக் காலத்து வழக்கம். டெலிவரி இளைஞருக்கு அதுதான் ஆர்டர் குவியும் நேரம். முடிச்சுப் போடும் பெண்ணுக்கு அது சமையல் நேரம். பிற்பகல் 3 முதல் 4.30 வரை இருவருக்குமே கொஞ்சம் மூச்சு விட நேரம் இருக்கும். திண்ணையில் பத்துப் பேர் என்றால் மைக்கும் வேண்டாம்.