உங்கள் சைக்கிளின் நம்பர் உங்களுக்குத் தெரியுமா?

வணக்கம் உறவுகளே, எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? நான் கிளிநொச்சியில் நிற்கிறேன். பின்னால் கேட்கிற இரைச்சல் ஏ9 வீதி. காற்றும் கொஞ்சம் அடிக்கிறது, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கதைக்கிறேன். இன்றைக்குச் சைக்கிள் களவைப் பற்றிக் கதைக்க வேண்டும். முக்கியமாக, "போனது ஒரு சைக்கிள்தானே" என்று சொல்கிறவர்களோடு.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு தங்கச்சி இருக்கிறாள், சாதாரண தரம் எழுதப் போகிறவள். ரியூசனுக்கு வெளியே பூட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறாள். வகுப்பு முடிந்து வந்து பார்த்தால் சைக்கிளைக் காணவில்லை. அந்த வீட்டில் இருந்ததே அந்த ஒன்றுதான். விடியப்புறம் அப்பா அதில் போய் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வருவார். பிறகு அவள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவாள். பின்னேரம் ரியூசன். இடையில் ஒரு நேரம் கிடைத்தால் அம்மா சங்கக்கடைக்குப் போய் வருவார். இப்போது அப்பா இருட்டோடு எழும்பி வாய்க்கால் கரையால் நடக்கிறார். பிள்ளை யாராவது சிநேகிதியின் கரியரில் ஏறிப் போகிறாள். சிநேகிதி வராத நாளில் ரியூசன் இல்லை. சோதனைக்குப் படிக்கிற பிள்ளைக்கு இது சின்ன இழப்பா?

பொலிசில் முறைப்பாடு கொடுக்க நானும் கூடப் போனேன். என்ன நிறம்? கறுப்பு. என்ன சைக்கிள்? லுமாலா. லேடீஸா, ஜென்ட்ஸா? லேடீஸ். பிரேம் நம்பர்?

சைக்கிளின் சட்டத்தில் பொறித்திருக்கிற நம்பரைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அப்பா என்னைப் பார்த்தார், நான் பிள்ளையைப் பார்த்தேன். பில் எங்கேயென்றும் தெரியவில்லை. கேட்டதில் பிழை இல்லை, அது கேட்க வேண்டிய கேள்விதான். கறுப்பு லேடீஸ் லுமாலா என்றால் இந்த ஊரில் பாதிச் சைக்கிள் அதுதானே. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். களவுபோன சைக்கிள்கள் மீட்கப்பட்டன, உரியவர்கள் வந்து அடையாளம் காட்டி எடுத்துச் செல்லலாம் என்று வடக்கில் அடிக்கடி செய்தி வருகிறது. படத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள். அதில் உங்களுடையது நின்றால்கூட, "இது என்னுடையது" என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? களவெடுத்தவன் சீற்றை மாற்றியிருப்பான், மட்கார்டைக் கழற்றியிருப்பான், மலிவுப் பெயின்ற் ஒன்றும் அடித்திருப்பான்.

அதனால்தான் இந்த வீடியோ. கமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன், பாருங்கள். இது எங்கள் வீட்டுச் சைக்கிள். சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில் படத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறேன். பெடல் தண்டு குறுக்கே போகிற குழாய் தெரிகிறதா? அதற்கு அடிப்பக்கம்தான் பிரேம் நம்பர் இருக்கும். ஒரே கிரவலும் எண்ணெயும் சேர்ந்து கட்டிபிடித்துப் போய் இருக்கிறது. இங்கே ரோட்டு அப்படி. பழந்துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைக்கிறேன். ம்... வருகிறது. எழுத்து தெரிகிறது, ஆனால் வாசிக்க முடியவில்லை. பெயின்ற் உள்ளே இறங்கி எல்லாம் ஒரே நிறமாகக் கிடக்கிறது. இதற்குத்தான் இந்த வெண்கட்டி. பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்குப் பாவிக்கிற அதேதான். இதைப் படுக்கையாகப் பிடித்து மேலே தேய்த்துவிட்டு, விரலால் மெல்லத் தட்டி விடுங்கள். குழிக்குள் மட்டும் வெள்ளை நிற்கும். இதோ! இப்போது ஒவ்வொரு இலக்கமும் தெளிவாகத் தெரிகிறது. முழு நம்பரையும் நான் காட்டவில்லை, நீங்களும் உங்களுடையதை ஊருக்குக் காட்டாதீர்கள். போனில் படம் எடுங்கள். பிறகு முழுச் சைக்கிளையும் பக்கவாட்டில் ஒரு படம், பிள்ளை பக்கத்தில் நிற்க இன்னொரு படம். சில சைக்கிளில் இந்த நம்பர் சீற் தண்டு இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கேயும் தேடிப் பாருங்கள்.

நம்பரை அரம் போட்டு அராவி விடுவான் என்று கேட்பீர்கள். சரி, அராவட்டும். சீற்றைக் கழற்றுங்கள். உள்ளே வெறும் குழாய். ஒரு துண்டில் பெயர், போன் நம்பர், பிரேம் நம்பர் எழுதி, பொலித்தீனில் சுற்றி, அதற்குள் தள்ளி விடுங்கள். கீழே வழுக்கிப் போகாமல் கொஞ்சம் பஞ்சு வைத்து இறுக்குங்கள். சீற்றைத் திரும்பப் பூட்டினால் வெளியே ஒன்றும் தெரியாது. உரிமை கேட்கப் போகிற அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் அந்தச் சீற்றைக் கழற்றிக் காட்டலாம்.

எனக்கு இந்த விஷயத்தில் ஏன் இவ்வளவு வேகம் என்று நினைப்பீர்கள். வன்னியில் சைக்கிள் என்றால் என்ன என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. 2002இல் சமாதான காலம் வரும் வரைக்கும் சைக்கிள்தான் லொறி, அதுதான் அம்புலன்ஸ். நெல் மூட்டையும் விறகும் அதில்தான் வந்தன. ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சல்காரரைக் கரியரில் வைத்துக்கொண்டு போனார்கள். றேடியோவில் செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும், டைனமோவில் இருந்து வயர் றேடியோவுக்குப் போகும். 1995 கடைசியில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இருந்து போருக்குப் பயந்து வெளிக்கிட்ட சனம் உடுப்பையும் சட்டி பானையையும் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தது சைக்கிளில்தான். பிறகு கிளாலியில் வள்ளம் ஏறி இந்தப் பக்கம் வந்தவர்கள் எத்தனையோ பேர். 2009இல் போரின் கடைசியில் அதையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு செட்டிகுளம் முகாமுக்குப் போனார்கள். மீள்குடியேறி வந்தபோது நிவாரணமாகக் கொடுத்த சாமான்களுக்குள் சைக்கிளும் இருந்தது. இந்திய அரசாங்கமும் மீள்குடியேறிய குடும்பங்களுக்கென்று சுமார் 10,000 சைக்கிள்கள் கொடுத்தது. ஒரு குடும்பம் திரும்ப எழும்ப வேண்டுமென்றால் கூரைத் தகரத்தோடு சேர்த்து ஒரு சைக்கிளும் வேண்டும் என்று அன்றைக்கு எல்லாருக்கும் விளங்கியிருந்தது.

2022 உங்களுக்கு நினைவிருக்கும். எரிபொருள் வரிசை, ஜூலையில் கியூ.ஆர். அட்டை, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். மூலையில் துருப்பிடித்துக் கிடந்ததெல்லாம் அப்போது வெளியே வந்தது. புதுச் சைக்கிளின் விலை எங்கேயோ போய்விட்டது. விலை ஏறினால் கள்ளனின் கண்ணும் அதில்தான் விழும். பெற்றோல் திரும்ப வந்தாலும் சைக்கிளின் விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. கூலி வேலைக்குப் போகிற ஒரு வீட்டில் புதிதாக ஒன்று வாங்குவதென்றால் சீட்டுக் காசு எடுக்க வேண்டும், அல்லது தோட்டை அடகு வைக்க வேண்டும்.

பூட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்சில்லில் இருக்கிற வளையப் பூட்டு சில்லைச் சுற்ற விடாது, அவ்வளவுதான். பின்பக்கத்தைத் தூக்கி ஓட்டோவில் போட்டால் முடிந்தது. மெல்லிய வயர்ப் பூட்டைக் குறடு வெட்டும். தடித்த சங்கிலி ஒன்றைப் பிரேமுக்குள்ளாலும் பின்சில்லுக்குள்ளாலும் விட்டு, ஒரு தூணோடு சேர்த்துப் பூட்டுங்கள். பூட்டு நிலத்தில் படக் கிடக்கக் கூடாது. நிலத்தில் வைத்துச் சுத்தியலால் அடிப்பது லேசு. ரியூசன் வைத்திருக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: வாசலில் ஒரு நீளமான இரும்புக் குழாயை நிலத்தில் புதைத்து விடுங்கள். பெரிய செலவில்லை. அத்தனை பிள்ளைகளின் சைக்கிளும் அதில் நிற்கும்.

இனி வாங்குகிறவர்களிடம் வருகிறேன். எனக்கு உண்மையில் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பொழுதுபட்ட பிறகு ஒருவன் வந்து, பாதி விலைக்குத் தருகிறேன், அவசரம், காசு வேண்டும் என்கிறான். யாருடையது என்று கேட்காமல் வாங்குகிறோம். களவுப் பொருள் என்று தெரிந்துகொண்டு வாங்குவது எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். சட்டத்தை விடுங்கள், அந்தப் பாதி விலைக்கு ஒரு பிள்ளை நடந்து போகிறாள். பழைய சைக்கிள் வாங்குங்கள், நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு கொப்பித் தாளில் விற்கிறவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், பிரேம் நம்பர், திகதி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நேர்மையாக விற்கிறவர் சிரித்துக்கொண்டே போட்டுத் தருவார். மற்றவர் பேனையைக் கண்டதும் வேறு கதை கதைப்பார்.

நெதர்லாந்தைப் பாருங்கள். ஆட்களை விடச் சைக்கிள் கூட இருக்கிற நாடு, களவும் அங்கே தாராளம். அம்ஸ்ரர்டாமில் வாய்க்கால்களுக்குள் இருந்து மட்டும் வருடத்துக்கு 12,000க்கு மேல் சைக்கிள் தூக்குகிறார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அங்கே பழைய சைக்கிள் வாங்க முதல் பிரேம் நம்பரை அரசாங்கப் பதிவேட்டில் தேடி, களவுபோனதா என்று பார்க்கலாம். யப்பானில் 1994இல் இருந்து சைக்கிளைப் பதிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

இது எங்களுக்கு எட்டாத விஷயமா? இல்லை. எங்கள் தாத்தாமாரைக் கேளுங்கள், சைக்கிளுக்கு வருடா வருடம் லைசன்ஸ் எடுத்த கதை சொல்வார்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி சபைகள் அறவிடக்கூடிய வாகன வரியில் இன்றைக்கும் சைக்கிள் இருக்கிறது. வியாபாரத்துக்குப் பாவிக்காத சைக்கிளுக்கு வருடம் 4 ரூபா என்று வர்த்தமானியில் போடுவார்கள். நான் சபைகளிடம் கேட்பது ஒன்றுதான். அந்த 4 ரூபாவை வாங்குங்கள், 100 ரூபா என்றாலும் சனம் தரும், ஆனால் துண்டில் பிரேம் நம்பரையும் போன் நம்பரையும் எழுதி, ஒரு பிரதியைப் பொலிசுக்குக் கொடுங்கள். கோயில் திருவிழாவில் சைக்கிள் விடுகிற இடத்தில் ஹாண்டிலில் ஒரு துண்டு, கையில் ஒரு துண்டு தருகிறார்களே, எவ்வளவு சனத்துக்குள்ளும் அவரவர் சைக்கிள் அவரவரிடம் வந்து சேர்கிறது. அதை வருடம் முழுக்கச் செய்யச் சொல்கிறேன்.

சபை செய்யும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. வருகிற சனிக்கிழமை காலமை நான் எங்கள் சந்திச் சைக்கிள் கடையில் நிற்பேன். கடைக்கார அண்ணை இடம் தருகிறேன் என்று சொல்லிவிட்டார், காற்றும் சும்மா அடித்து விடுவாராம். வெண்கட்டி, மண்ணெண்ணெய், பழந்துணி எல்லாம் என்னிடம் இருக்கிறது. உங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாருங்கள், நம்பரைத் துடைத்து எடுத்து உங்கள் கொப்பியிலேயே எழுதித் தருகிறேன். பரந்தன், முரசுமோட்டைப் பக்கம் இருக்கிறவர்களும் வரலாம். பில் தொலைந்திருந்தாலும் வாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதலில், வயலுக்குப் போக வேண்டியவர்கள் அடுத்ததாக. தூரத்தில் இருக்கிறவர்கள் வீட்டிலேயே இன்றைக்குச் செய்துவிடுங்கள். இருட்டுவதற்கு முதல் செய்யுங்கள், வெளிச்சம் இல்லாவிட்டால் மூன்றும் எட்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.