கட்டைவிரலில் ஒரு கருப்பு

வணக்கம். முதலில் என் கட்டைவிரலைப் பாருங்கள். மூன்று நாளாகிறது, இந்தக் கருப்பு போகவில்லை. சோப்பு, எலுமிச்சை, தேங்காய் நார் எல்லாம் போட்டுத் தேய்த்துவிட்டேன். கையுறையைக் கழற்றிய பிறகு சில்வர் நைட்ரேட் (வெள்ளியின் உப்பு) கரைசல் புட்டியைத் தொட்டேன், அதற்குக் கிடைத்த கூலி. தொட்டபோது தண்ணீர் போலத்தான் இருந்தது. மாடி வெயிலில் நின்ற பிறகுதான் கருத்தது. இனி தோல் உரிந்தால்தான் போகும்.

தேர்தலில் விரலில் வைக்கிறார்களே, அந்த மையிலும் இதே சரக்குத்தான். 1962 பொதுத்தேர்தலிலிருந்து மைசூரில் தயாராகி வருகிறது. வியர்வை உப்போடு சேர்ந்து சில்வர் குளோரைடாகிறது. வெளிச்சம் பட்டதும் அது சிதைந்து வெள்ளித் துகளாகிறது. வெள்ளி என்றால் பளபளக்க வேண்டாமா என்பீர்கள். இத்தனை பொடியாக இருந்தால் கருப்பாகத்தான் தெரியும். கொலுசு கருப்பது வேறு கதை, அது கந்தகத்தின் வேலை. பீரோவுக்குள் இருட்டில் வைத்தாலும் கருக்கும்.

சரி, சோதனைக்குழாய்க்கு வருவோம். சில்வர் நைட்ரேட் கரைசலில் உப்புத்தண்ணீர் இரண்டு சொட்டு. பார்த்தீர்களா? கரையாமல் திரண்டு பிரிகிறதே, இதுதான் சில்வர் குளோரைடு. 'தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு' என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, எழுதியவர் நிஜமாகவே பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்.

காலையிலேயே இதுபோல் இரண்டு குழாய் செய்து, ஒன்றைக் கருப்புத் தாளில் சுற்றிவைத்தேன். பிரிக்கிறேன்... அதே வெள்ளை. ஜன்னலில் வைத்தது கத்தரிப்பூ நிறத்துக்கு வந்து, ஓரம் கருத்துவிட்டது. திருப்பிக் காட்டுகிறேன், வெயில் படாத பின்பக்கம் இன்னும் வெளுப்பாகவே இருக்கிறது.

1777-இல் ஷீலே என்ற சுவீடன் நாட்டு வேதியியலர் இதை ஆராய்ந்து எழுதினார். ஊதா ஒளியில்தான் சீக்கிரம் கருக்கிறது என்றும் கண்டார். பிறகு அவர் செய்ததை நானும் செய்கிறேன்: அம்மோனியா. வெள்ளை கரைகிறது, கருப்பு அடியில் தங்குகிறது. ஒளி பட்ட இடத்தை வைத்துக்கொண்டு மீதியைக் கழுவும் வழி, அதாவது படத்தை நிலைக்க வைக்கும் வழி, அவர் மேசையிலேயே இருந்தது! மனிதருக்குப் படம் பிடிக்கும் யோசனை வரவில்லை. புகைப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட 1839 ஆகிவிட்டது. எனக்கு இதை நினைத்தால் ஆறவே மாட்டேன் என்கிறது.

வெப்பச்சிதைவைக் கேட்டிருந்தீர்கள், அதாவது வெளிச்சத்துக்குப் பதில் சூட்டால் சிதைத்தால் என்ன ஆகும் என்று. செம்பின் உப்பான காப்பர் நைட்ரேட்டைச் சுட்டால், செம்பு ஆக்சிஜனோடு சேர்ந்த ஆக்சைடு மிஞ்சும். சில்வர் நைட்ரேட்டைச் சுட்டால் வெள்ளியே மிஞ்சும், அந்தச் சூட்டில் வெள்ளியால் ஆக்சிஜனைப் பிடித்துவைக்க முடியாது. கூடவே செம்பழுப்பு நச்சு வாயுவும் கிளம்பும். வீட்டில் செய்ய மாட்டேன்.

அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலையும் எடுத்துவைக்கக் கூடாது, நாள்பட்டால் வெடிக்கும் பொருள் உண்டாகலாம். அதனால் தெளிந்ததை மட்டும் இறுத்து, அம்மோனியாவை முறிக்க நீர்த்த நைட்ரிக் அமிலம் விடுகிறேன். இதோ, கரைந்துபோன தயிர் திரும்ப வந்துவிட்டது.