திருப்பித் தராத பட்டுப்புடவை

நடுவர் அவர்களே, எதிரணியினரே, பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டே கேட்கும் அக்கா தங்கைகளே, வணக்கம். பெண்களின் நட்பை முறிப்பது பணமா, மனமா? மனமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி ஒன்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். "ரெண்டு பொம்பளைங்க பேசாம இருந்தா, நடுவுல திருப்பித் தராத ஒரு பட்டுப்புடவை இருக்கும்." தம்பி, எங்கள் வீட்டில் அப்படி ஒரு புடவை இருந்தது. அந்தக் கதையைச் சொல்லாமல் நான் இறங்கப் போவதில்லை.

எங்கள் ஊர் தருமபுரிப் பக்கம். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் முளைவிட்ட மண். ஒரு குழுவில் 12 பேரிலிருந்து 20 பேர் வரை இருப்பார்கள். ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் தலையில் விழும். அம்மாவும் எதிர்வீட்டு அத்தையும் ஒரே குழு. ஒரு மாதம் அம்மாவால் தவணை கட்ட முடியவில்லை. குழுவை நடத்தும் ஊக்குநரிடம் சொன்ன அம்மா அத்தையிடம் சொல்லவில்லை. கூட்டத்தில், எல்லோரோடும் சேர்ந்துதான் அத்தைக்கும் தெரிந்தது. தன் சுருக்குப் பையை அவிழ்த்து முழுத் தவணையையும் கட்டிவிட்டு எழுந்தார். "உனக்கு நானும் பத்தோட பதினொண்ணா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவ்வளவுதான், பதினொரு மாதம் பேச்சில்லை.

அம்மா ரெண்டே மாதத்தில் அந்தக் கடனை அடைத்துவிட்டார். கேளுங்கள் நடுவரே, பணம் தீர்ந்துவிட்டது! அப்புறமும் ஒன்பது மாதம் ஏன் பேசவில்லை?

அப்போது ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் ஊருக்கு வரவில்லை. தெருவுக்கே ஒரு குழாய், விடியற்காலை நாலு மணிக்கு வரிசை. பேச்சில்லாத அந்தப் பதினொரு மாதமும் அத்தை தன் குடத்துக்குப் பின்னால் எங்கள் பச்சைக் குடத்தையும் வைப்பார். வாய்ப்பக்க ஓட்டையை அடைத்து, சாக்பீஸில் வட்டம் போட்ட குடம். "அவங்கதான் உன்கூடப் பேசறதில்லையே?" என்று யாரோ கேட்டதற்கு, "குடம் என்ன பண்ணுச்சு?" என்றாராம். குடம் என்ன பண்ணுச்சு! அதைக் கேட்ட அம்மா அன்றைக்கு அடுப்பு மூட்டவே இல்லை.

இப்போது புடவைக்கு வருகிறேன். என் காதுகுத்துக்கு அத்தை இரவல் கொடுத்த அரக்குப் பட்டு எங்கள் டிரங்குப் பெட்டியில் இருந்தது. "கொடுத்துடலாமே அம்மா" என்றேன். "கொடுத்துட்டா அப்புறம் எதைச் சாக்கு வச்சுடி அவ வீட்டு வாசப்படி ஏறுவேன்?" என்றார். அத்தையும் கேட்கவே இல்லை. கேட்டால் தீர்ந்துபோகும் என்று அவருக்கும் பயம். தம்பி, அந்தப் புடவையா அவர்களைப் பிரித்தது? பிரியாமல் பிடித்துக்கொண்டிருந்ததே அதுதான்!

பன்னிரண்டாம் மாதம் அந்தச் சாக்கை எடுத்துக்கொண்டு அம்மா போனார். சாயங்காலம் திரும்பி வந்தார், கையில் அதே புடவையோடு. "வச்சுக்கோன்னுட்டா" என்று சொன்னவரின் முகத்தை நான் மறக்கவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, ஒரு நிமிடம். மூன்று வருடம் முன்பு அம்மா போய்ச் சேர்ந்தார். கூடத்தில் கிடத்தியிருந்தோம். அத்தை நேராக டிரங்குப் பெட்டியைத் திறந்தார். எங்களில் யாரையும் கேட்கவில்லை. அரக்குப் பட்டை உதறி, அம்மாவின் கழுத்து வரை போர்த்தி, முந்தானை மடிப்பை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். "இப்பவும் திருப்பித் தராமத்தான் போறா" என்றார்.