ஃபிளாக் மாறியது, யாருக்குத் தெரியும்?

நேயர்களுக்கு வணக்கம். இரண்டு பேர் கைபேசியில் ஒரே செயலி இருக்கிறது, ஒரே பதிப்புதான். ஒருவருக்குப் புதிதாக ஒரு பொத்தான் தெரிகிறது, மற்றவருக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் எதையும் அப்டேட் செய்யவில்லை. இதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். அந்தப் பொத்தானுக்கான நிரல் இருவர் கைபேசிக்கும் எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது. யாருக்குக் காட்டுவது, யாருக்கு மறைப்பது என்பதை மட்டும் அந்த நிறுவனத்தில் ஒருவர் ஓர் இணையப் பக்கத்திலிருந்தே தீர்மானிக்கிறார். அதற்கான சுவிட்சுக்குத்தான் ஃபீச்சர் ஃபிளாக் என்று பெயர். சுருக்கமாக ஃபிளாக்.

நிரலை மாற்றினால் அதற்குத் தடயம் இருக்கும். ஒருவர் எழுதுவார், இன்னொருவர் சரிபார்ப்பார், பதிப்பு எண் ஏறும், பிறகுதான் டிப்ளாய், அதாவது சர்வர்களில் ஏற்றி இயக்குவது. ஃபிளாக்குக்கு இந்தப் படிகள் எதுவும் தேவையில்லை. ஒரு கிளிக் போதும், சில விநாடிகளில் லட்சக்கணக்கானவர்களைச் சென்றடைந்துவிடும். அதன் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

மதியம் மூன்று மணிக்குப் பணம் செலுத்தும் பக்கம் தடுமாறுகிறது என்று வையுங்கள். பொறியாளர்களின் முதல் கேள்வி, கடைசியாக என்ன டிப்ளாய் ஆனது என்பதுதான். நேற்று மாலைக்குப் பிறகு எதுவும் இல்லை. உடனே டேட்டாபேஸைத் துருவுகிறார்கள், நெட்வொர்க்கைத் துருவுகிறார்கள், நேரம் ஓடுகிறது. 2.55க்கு வேறொரு குழுவில் ஒருவர் ஒரு ஃபிளாக்கை 10 சதவீதப் பயனர்களிலிருந்து 100 சதவீதத்துக்கு உயர்த்தியது இவர்களுக்குத் தெரியாது. இங்கே இப்படி ஒரு தடுமாற்றம் நடப்பது உயர்த்தியவருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் திறமைசாலிகள்தான். நடுவில் ஒரு வரிச் செய்தி போகவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஒரு வரி எப்படி இருக்க வேண்டும்? வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்தால் வரும் குறுஞ்செய்தியை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கணக்கு, எவ்வளவு, எப்போது, மீதி எவ்வளவு, இது நீங்கள் செய்ததல்ல என்றால் எந்த எண்ணை அழைக்க வேண்டும், எல்லாம் இரண்டு வரிக்குள் அடங்கிவிடும். ஃபிளாக் அறிவிப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும். அது போய்ச்சேருவது மட்டும் போதாது, படிக்கப்பட வேண்டும். இதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சம்பவம் இருக்கிறது. நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1. நியூயார்க் பங்குச் சந்தையின் ஒரு புதிய திட்டம் அன்று தொடங்கவிருந்தது. அதற்காக நைட் தன் மென்பொருளில் புதிய நிரல் சேர்த்திருந்தது. அதை இயக்க, ஏற்கெனவே இருந்த ஒரு ஃபிளாக்கையே மறுபடி பயன்படுத்தினார்கள். அந்த ஃபிளாக் முன்பு ‘பவர் பெக்’ என்ற பழைய வசதியை இயக்கியது. பவர் பெக்கின் பயன்பாட்டை 2003லேயே நிறுத்திவிட்டார்கள், ஆனால் அதன் நிரல் சர்வர்களில் அப்படியே கிடந்தது. இன்றைய ஃபிளாக் கருவிகளில் இருப்பது போன்ற ஃபிளாக் அல்ல அது, பங்கு ஆர்டர்களோடு சேர்ந்து பயணிக்கும் ஒரு குறி. ஆனாலும் அதில் இருக்கும் பாடம் அப்படியே பொருந்தும்.

புதிய நிரல் எட்டு சர்வர்களுக்குப் போக வேண்டும். ஏழுக்குத்தான் போனது. எட்டாவது விடுபட்டதை இரண்டாவது ஆள் யாரும் சரிபார்க்கவில்லை. 9.30க்குச் சந்தை திறந்தது. ஏழு சர்வர்களில் புதிய வசதி ஓடியது. எட்டாவதில் அதே ஃபிளாக், ஒன்பது ஆண்டுகளாகத் தூங்கிக்கிடந்த பவர் பெக்கை எழுப்பிவிட்டது. அது நிறுத்தத் தெரியாமல் ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. சுமார் 45 நிமிடம். 40 லட்சம் பரிவர்த்தனைகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல்.

இதுவரை பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதிகம் பேசப்படாத பகுதி இனிமேல்தான். அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2013 அக்டோபரில் வெளியிட்ட உத்தரவில் அது இருக்கிறது. அன்று காலை 8.01லிருந்து, சந்தை திறப்பதற்கு முன்பே, நைட்டின் உள் அமைப்பு ஒன்று ஊழியர்களுக்குத் தானாக மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தது. மொத்தம் 97 மின்னஞ்சல்கள். அவற்றில் குறிப்பிட்டிருந்த பிழை ‘பவர் பெக் டிஸேபிள்ட்’, அதாவது பவர் பெக் முடக்கப்பட்டது. ஒன்றரை மணி நேரம் கையில் இருந்தது. ஆனால் அந்த மின்னஞ்சல்களை எச்சரிக்கையாக யாரும் வடிவமைத்திருக்கவில்லை. வந்தால் படிக்கும் வழக்கமும் ஊழியர்களிடம் பொதுவாக இல்லை.

97 செய்திகள், நேயர்களே. அனுப்புவது என்ற வேலை பிசகில்லாமல் நடந்திருக்கிறது. தானியங்கி தன் கடமையைச் செய்துவிட்டது. ஆனால், யார் படிக்க வேண்டும், படித்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அந்தச் செய்தியில் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. கோளாறைச் சரிசெய்யும் முயற்சியில், ஒழுங்காக ஓடிய ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். உடனே அவற்றிலும் பவர் பெக் விழித்துக்கொண்டது, நிலைமை இன்னும் மோசமானது. எந்தக் குறி எந்த நிரலை எழுப்புகிறது என்ற ஒரு வரித் தகவல் அந்த நேரத்தில் கண்முன்னே இருந்திருக்க வேண்டும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, இன்றைக்கு இந்த ஃபிளாக் அறிவிப்பை எப்படிக் கட்டுவது? ஃபிளாக் மாறியதும், ஃபிளாக் கருவி நீங்கள் கொடுத்த ஒரு முகவரிக்கு அந்த மாற்றத்தை அனுப்பும். இதுதான் வெப்ஹூக். பல கருவிகளில் அதை ஸ்லாக்குக்கு, அதாவது அலுவலகக் குழுக்கள் சேனல் சேனலாகப் பேசிக்கொள்ளும் செயலிக்கு, நேரே இணைத்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. என் கருத்து, நடுவில் நீங்களே ஒரு சிறிய நிரலை வையுங்கள். நேரடி இணைப்பு எல்லாவற்றையும் கொட்டும். சோதனைச் சூழலில் ஒரு டெவலப்பர் ஒரே ஃபிளாக்கை இருபது முறை போட்டு அணைத்தாலும் இருபது செய்தி வரும். இரண்டே நாளில் எல்லோரும் அந்தச் சேனலை மியூட் செய்துவிடுவார்கள். மறுபடி அதே 97 மின்னஞ்சல் கதைதான்.

நடுவில் இருக்கும் நிரல் முதலில் செய்ய வேண்டியது கையொப்பத்தைச் சரிபார்ப்பது. செய்தி உண்மையிலேயே ஃபிளாக் கருவியிலிருந்து வந்ததா என்று ரகசியச் சாவியால் கணக்கிட்டுப் பார்ப்பது. இங்கே பலர் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். செய்தி ஜேசன் (JSON) என்ற தரவு வடிவத்தில் வரும். அதைப் பிரித்துப் படித்து, மறுபடி ஜேசனாக மாற்றி, அதன் மேல் கையொப்பத்தைக் கணக்கிடுகிறார்கள். ஓர் இடைவெளி மாறினாலும் கணக்கு பொருந்தாது. வந்த பைட்டுகள் எப்படி வந்தனவோ அப்படியே கணக்கிட வேண்டும்.

அடுத்தது, உடனே ‘கிடைத்தது’ என்று 200 பதிலைக் கொடுத்துவிட்டு, மற்ற வேலையை ஒரு வரிசையில் போட்டுப் பிறகு செய்யுங்கள். ஸ்லாக்குக்கு அனுப்பி முடிக்கும்வரை பதிலைத் தாமதித்தால், மறுபக்கம் காத்திருந்து அலுத்து, அதே செய்தியை மீண்டும் அனுப்பக்கூடும். ஒரு மாற்றத்துக்கு இரண்டு அறிவிப்பு வந்துவிடும். அதனால் ஒவ்வொரு நிகழ்வின் அடையாள எண்ணையும் குறித்துவைத்து, அதே எண் மீண்டும் வந்தால் விட்டுவிடுங்கள். வரும் வரிசையையும் நம்ப வேண்டாம். அணைத்த செய்தி முதலிலும் போட்ட செய்தி பிறகும் வந்து சேரலாம். ஃபிளாக்கின் பதிப்பு எண்ணை வைத்துத்தான் எது பிந்தியது என்று சொல்ல வேண்டும்.

செய்தியைப் பெற ஸ்லாக் தரும் வெப்ஹூக் முகவரிக்கு ஒரு வேக வரம்பு உண்டு. விநாடிக்கு ஒரு செய்தி என்பதுதான் பொதுவான கணக்கு. மீறினால் 429 என்ற பதிலும், எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்ற குறிப்பும் வரும். அந்தக் குறிப்பை மதித்துக் காத்திருங்கள். ஒருவர் நாற்பது ஃபிளாக்குகளை ஒரே மூச்சில் மாற்றினால் நாற்பது செய்தி அனுப்பாமல், முப்பது விநாடி சேர்த்துவைத்து ஒரே செய்தியாக அனுப்புவதுதான் படிக்கிறவருக்கு நல்லது.

இப்போது செய்தியின் வாசகம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. முதல் வரி, பூட்டிய கைபேசித் திரையிலேயே முழுதாகத் தெரிய வேண்டும். யார், எந்த ஃபிளாக், எந்தச் சூழல், எதிலிருந்து எதற்கு. பயனர்கள் உண்மையில் பயன்படுத்தும் சூழலுக்கு ப்ரொடக்ஷன் என்று பெயர். ‘ப்ரொடக்ஷன்: புதிய செக்அவுட் ஃபிளாக், 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதம், மாற்றியவர் இன்னார்.’ இவ்வளவு போதும். ‘ஃபிளாக் அப்டேட் ஆனது’ என்று மட்டும் சொல்லும் செய்தி எதையும் சொல்லாத செய்தி. எதிலிருந்து என்பது இல்லாவிட்டால், பழைய நிலைக்குத் திருப்ப வேண்டியவர் எங்கே திருப்புவார்? பழைய மதிப்பு கட்டாயம் இருக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், பழைய மதிப்பு.

இரண்டாவது வரியில் மாற்றியதற்கான காரணமும், அந்த ஃபிளாக்கின் வரலாற்றுப் பக்கத்துக்கு ஒரு இணைப்பும். காரணம் எழுதாமல் ப்ரொடக்ஷனில் மாற்ற முடியாதபடி கருவியில் அமைக்க முடிந்தால் அமைத்துவிடுங்கள். யாருக்குக் காட்டுவது என்ற ஐம்பது வரி விதிகளை அப்படியே ஒட்டாதீர்கள். ‘ஒரு விதி சேர்ந்தது, இரண்டு விதிகள் போயின’ என்று சொல்லி, மற்றதை இணைப்பில் பார்க்க விடுங்கள். நேரத்தை ஸ்லாக்கின் தேதிக் குறியீட்டில் அனுப்பினால், படிக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊர் நேரத்தில் தெரியும்.

மாற்றியவர் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. தானியங்கி நிரல்கள் எல்லாம் ஒரே ஏபிஐ சாவியை, அதாவது ஃபிளாக் கருவிக்குள் நுழைய நிரல்களுக்குக் கொடுக்கும் ரகசியச் சாவியை, பகிர்ந்துகொண்டால், எல்லா மாற்றத்துக்கும் அந்த ஒரே சாவியின் பெயர்தான் வரும். யார் என்ற கேள்விக்குப் பதிலே கிடைக்காது. ஒவ்வொரு நிரலுக்கும் தனிச் சாவி, புரியும்படி ஒரு பெயர் கொடுங்கள்.

நுணுக்கமான ஒன்று. ஃபிளாக்கின் பெயரையும் குறிப்பையும் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். ஸ்லாக்குக்கு அனுப்பும் முன் மூன்று குறிகளை மாற்றி எழுத வேண்டும்: ஆம்பர்சாண்ட் (&), சிறியது என்ற குறி (<), பெரியது என்ற குறி (>). மாற்றாவிட்டால், குறிப்பில் எழுதிய ஏதோ ஒன்று சேனலில் இருக்கும் அத்தனை பேரையும் கூப்பிடும் கட்டளையாகிவிடலாம்.

யாரைக் கூப்பிடுவது? எல்லோரையும் கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள். ஃபிளாக்கின் பொறுப்பாளரை மட்டும் குறிப்பிடுங்கள். ஒரு வசதியை அடியோடு நிறுத்தும் அவசர ஃபிளாக் என்றால் ஆன்காலில், அதாவது அவசர அழைப்புக்குப் பொறுப்பில், இருப்பவரையும் சேருங்கள். எல்லா மாற்றங்களும் விழுவதற்கு ஒரு பொதுச் சேனல் இருக்கட்டும், தேடிப் பார்க்க உதவும். குழுவின் சொந்தச் சேனலுக்கு அந்தக் குழுவின் ப்ரொடக்ஷன் மாற்றங்கள் மட்டும் போகட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சதவீதம் தானாக ஏறும் ரோல்அவுட்டில், தொடங்கியது, முடிந்தது, நடுவில் நின்றது என்ற மூன்றுக்கு மட்டும் செய்தி போதும். படி படியாக அறிவித்தால் நின்றுபோன செய்தி அந்தக் கும்பலில் தொலைந்துவிடும்.

இனி, சேனல் அமைதியாக இருக்கிறது என்றால் என்ன பொருள்? எதுவும் மாறவில்லையா, அல்லது வழி அடைபட்டுவிட்டதா? யாரோ சேனலை ஆர்க்கைவ் செய்திருக்கலாம், வெப்ஹூக் முகவரி ரத்தாகியிருக்கலாம். இரண்டு காவல் வையுங்கள். தினமும் ஒரு குறித்த நேரத்தில் ஸ்டேஜிங் என்ற சோதனைச் சூழலில் ஒரு சோதனை ஃபிளாக்கை நிரலே மாற்றட்டும், ஐந்து நிமிடத்துக்குள் அறிவிப்பு வராவிட்டால் மின்னஞ்சலிலோ பேஜரிலோ, அதாவது வேறு வழியில், புகார் வரட்டும். இன்னொன்று, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபிளாக் கருவியின் ஆடிட் லாக்கை, அதாவது மாற்றங்களின் பதிவேட்டை, எடுத்து, அனுப்பிய பட்டியலோடு ஒப்பிட்டு, விடுபட்டதை அனுப்புங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. பழைய ஃபிளாக்குகளைக் களையெடுப்பது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இதே நிரலை வைத்தே மாதம் ஒருமுறை ஒரு பட்டியல் அனுப்பலாம். 90 நாளாக மாறாமல் 100 சதவீதத்தில் நிற்பவை, பொறுப்பாளர் வேலையை விட்டுப் போய்விட்டவை. நிரலிலிருந்து முதலில் ஃபிளாக்கை எடுத்து, டிப்ளாய் செய்து, எல்லா சர்வரிலும் போய்ச்சேர்ந்ததைப் பார்த்த பிறகே கருவியில் அழியுங்கள். அழித்த பெயரில் மறுபடி ஃபிளாக் உருவானால் அதற்கும் ஓர் அறிவிப்பு, சிவப்பு நிறத்தில். வெப்ஹூக் முகவரி கடவுச்சொல்லுக்குச் சமம், அதை நிரலுக்குள் எழுதி வைக்காதீர்கள். நன்றி, வணக்கம்.