தாத்தா எழுந்து போன இரவு

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் ஐயா அவர்களே, சுங்கை சிப்புட்டின் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்து இந்தத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

பழைய அறிவியல் புனைவுத் தொடர்களை இன்றைய கண்கொண்டு மீண்டும் பார்த்தால் சுவை கெடுகிறதா, கூடுகிறதா என்பது தலைப்பு. கூடுகிறது என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய ஐயா, 1966 முதல் 1969 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான 'ஸ்டார் டிரெக்' என்ற விண்கப்பல் தொடரை எடுத்துக்கொண்டார். சிறு வயதில் வாய் பிளந்து பார்த்த பாறைகள் இப்போது அட்டையாகத் தெரிகின்றன என்று வருந்தினார். அந்தக் காலத்துப் படைப்பை அந்தக் காலத்துக் கண்ணால்தான் பார்க்க வேண்டும், இன்றைய அளவுகோலை நீட்டுவது அநியாயம் என்றார். நானும் அதே தொடரைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

அட்டைப் பாறையில் எனக்கு வழக்கு இல்லை. எங்கள் தோட்டத்துத் திருவிழா மேடையில் அட்டைக் கிரீடம் வைத்து நின்ற அரிச்சந்திரனுக்காக எங்கள் பாட்டிமார் முந்தானை நனைய அழுதார்கள். அட்டை என்று தெரியாமலா அழுதார்கள்?

அளவுகோலுக்கு வருகிறேன். ஐயா சொல்வது போல அந்தக் காலத்துக்குக் கண் ஒன்றுதானா? இந்தத் தொடருக்காக முதலில் எடுத்த மாதிரிப் படத்தில் கப்பலின் துணைத் தலைவர் ஒரு பெண். மாஜெல் பாரெட் என்ற நடிகை நடித்தார். தொலைக்காட்சி நிறுவனம் அந்தப் படத்தை ஏற்கவில்லை. இரண்டாவது மாதிரிப் படத்தில் அந்தப் பெண் பாத்திரமே இல்லை. பிறகு அதே நடிகை தொடருக்குள் வந்தார், எப்படி வந்தார் தெரியுமா? செவிலியாக வந்தார்! 1969இல் வந்த கடைசிக் கதையோ, விண்கப்பல் தலைமைக்குப் பெண்களுக்கு இடமில்லை என்று ஒரு பெண்ணின் வாயாலேயே சொல்ல வைத்தது. ஆக, பெண் கட்டளையிடும் கப்பலைக் கண்ட கண் 1960களிலேயே இருந்தது. அதை மூடிவிட்டார்கள். நான் கொண்டு வரும் அளவுகோல் அவர்கள் வீட்டுப் பரணிலிருந்து எடுத்ததுதான். 1995இல் அதே வரிசையில் வந்த புதிய தொடரில் கேப்டன் ஜேன்வே என்ற பெண் தலைமை நாற்காலியில் அமர்ந்தார். அந்த வரிசையைத் தொடர்ந்து எடுத்தவர்களே பழையதைப் புதுக் கண்ணால் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள், நமக்கு மட்டும் ஏன் தடை?

சிவப்புச் சட்டைக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேப்டனோடு புதிய கிரகத்தில் இறங்கும் காவல் வீரர்கள் அவர்கள். பல கதைகளில் தொடக்கத்திலேயே செத்துப்போவார்கள். பெயர்கூட இருக்காது. சின்னப் பிள்ளையாக நான் அவர்களைப் பார்த்ததே இல்லை, கேப்டன் பிழைத்தாரா என்றுதான் பார்த்தேன். ஐம்பது வயதில் திரும்பப் பார்க்கும்போது அவர்கள் மேல்தான் கண் போகிறது. விடியும் முன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்ற என் அம்மா, தோட்டத்து எழுத்தரான கிராணியின் கணக்குப் புத்தகத்தில் ஓர் எண். ரப்பர்ப் பால்வாளியோடு சரிவில் விழுந்து இடுப்பு உடைந்த பெரியம்மாவும் ஓர் எண். அந்தச் சிவப்புச் சட்டை விழும்போது இப்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. இதைச் சுவைக்கேடு என்பாரா ஐயா?

இனி என் வீட்டுக் கதை. 1980களில் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஜெனரேட்டர் மின்சாரம் இரவு பத்து மணியோடு நின்றுவிடும். அண்ணன் பட்டணத்திலிருந்து இரவல் வாங்கி வரும் வீடியோ நாடாவை அதற்குள் பார்த்து முடிக்க வேண்டும். ஆங்கிலம் பாதிதான் புரியும், மீதியை அண்ணன் சொல்வான். ஒருநாள் தாத்தாவும் வந்து எங்களோடு பாயில் அமர்ந்தார். திரையில் கப்பலைச் செலுத்தும் சூலு முகம் திருப்பினார். நம் சபாவின் கரையைத் தொடும் சூலு கடலின் பெயரைத்தான் அந்தப் பாத்திரத்துக்கு வைத்தார்கள். தாத்தாவுக்கு அதெல்லாம் தெரியாது. அந்த முகத்தைப் பார்த்தார், எழுந்தார், வெளியே போய்விட்டார். "ஜப்பான்காரன் முகத்தைப் பார்க்க மாட்டார், விடு" என்றாள் பாட்டி. போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குத் தம்பியோடு போய்த் தனியாகத் திரும்பி வந்தவர் அவர். நாங்கள் என்ன செய்தோம்? தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்தோம்.

ஐயா, அந்தக் காலத்துக் கண் என்கிறீர்களே, என்னிடம் இருந்த அந்தக் காலத்துக் கண் அதுதான். வாசலில் ஒரு மனிதர் இருட்டில் உட்கார்ந்திருக்க, திரையை விட்டு நகராத கண்.

போன ஆண்டு என் மகளோடு அந்தத் தொடரை மீண்டும் பார்த்தேன். சூலுவாக நடித்த ஜார்ஜ் டக்கேயைப் பற்றி அவள்தான் தேடிப் படித்துச் சொன்னாள். 1937இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். ஜப்பானோடு போர் மூண்டதும், ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காக 1,00,000க்கும் மேற்பட்டவர்களை அமெரிக்க அரசே முகாம்களில் அடைத்தது. 1942இல் அந்தச் சிறுவனைத் தாய் தகப்பனோடு ரயிலில் ஏற்றி ஆர்கன்சாஸ் மாநிலத்தின் சதுப்பு நிலத்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள். சுற்றிலும் முள்வேலி, காவல் கோபுரம். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைச் சயாமுக்கு ரயில் ஏற்றியதும் அதே போர்தான். ஒருவரை ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போனார்கள், மற்றவரை ஜப்பானிய முகம் என்பதற்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சிறுவன் வளர்ந்து இருபது சொச்சம் ஆண்டுகள் கழித்து, எல்லா நாட்டவரும் சேர்ந்து செலுத்தும் கப்பலின் முன்னிருக்கையில் அமர்ந்திருக்கிறார். எங்கள் தாத்தா அவரைப் பார்த்து எழுந்து போகிறார். இது எதுவும் தெரியாமல்தான் நான் அந்தக் காட்சியை அத்தனை முறை ரசித்திருக்கிறேன்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். தாத்தா இப்போது இல்லை. இருந்திருந்தால் அந்தக் காட்சி வரும்போது நான் சத்தத்தைக் குறைத்திருப்பேன். வாசலுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு ரயிலில் ஏற்றப்பட்ட ஐந்து வயதுப் பையனின் கதையைச் சொல்லியிருப்பேன். கேட்டுவிட்டு உள்ளே வந்து பாயில் அமர்ந்திருப்பாரா, எனக்குத் தெரியாது. நான் வாசலுக்குப் போயிருப்பேன்.

நன்றி, வணக்கம்.