ஹாலில் பாட்டு கேட்க ஸ்ட்ரீமரா, கம்ப்யூட்டரா?

வணக்கம் நண்பர்களே. கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன், இந்தத் தட்டு முழுசாகத் தெரியட்டும். இடது பக்கம் இருப்பது 7 வருடப் பழைய விண்டோஸ் லேப்டாப். நடுவில், ஏடிஎம் கார்டு அளவில் ஒரு பலகை தெரிகிறதே, அது ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர், இனி சுருக்கமாகப் பை. வலது ஓரத்தில் இருக்கும் கறுப்புப் பெட்டி வீம் ப்ரோ என்ற ஸ்ட்ரீமர், அதாவது இணையத்திலிருந்தோ வீட்டு நெட்வொர்க்கிலிருந்தோ பாட்டை எடுத்துத் தரும் பெட்டி. மூன்றும் ஒரே டாக்கில் சேர்கின்றன. டாக் என்பது கம்ப்யூட்டரில் எண்களாக இருக்கும் பாட்டை ஆம்ப்ளிஃபையருக்குப் புரியும் மின்சார அலையாக மாற்றித் தரும் கருவி. அதற்குப் பின்னால் ஆம்ப், இரண்டு ஸ்பீக்கர். அவ்வளவுதான் எங்கள் வீட்டு ஸ்டீரியோ.

மூன்று மாதமாக இந்த மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எதில் சத்தம் நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஆரம்பித்தேன். ஒரே சிடியிலிருந்து எடுத்த ஒரே பாட்டு, ஒரே வால்யூம். நான் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்ள, மனைவி எதையும் சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டார். எது லேப்டாப், எது ஸ்ட்ரீமர் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க முயன்றும் முடியவில்லை.

யோசித்துப் பார்த்தால் அதில் ஆச்சரியம் இல்லை. சிடியில் ஒரு விநாடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் 16 பிட் அளவில் ஒலி அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்த எண்கள் லேப்டாப்பிலிருந்து வந்தாலும் பையிலிருந்து வந்தாலும் அதே எண்கள்தான். இப்போதைய யுஎஸ்பி டாக்குகள் பெரும்பாலும் அசிங்க்ரனஸ் வகை. அதாவது, தாளம் போடுவது டாக்குக்குள் இருக்கும் கடிகாரம். எனக்கு அடுத்த கொஞ்சம் எண்களைக் கொடு என்று அதுதான் கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. கம்ப்யூட்டரின் கடிகாரம் சற்றுத் தடுமாறினாலும் பாட்டு தடுமாறாது.

ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு விஷயத்தை நாமே சரிசெய்ய வேண்டும். விண்டோஸ் எல்லாச் சத்தத்தையும் தன்னுடைய மிக்ஸர் வழியாகத்தான் அனுப்பும். சவுண்ட் செட்டிங்கில் 48 கிலோஹெர்ட்ஸ் என்று இருந்தால், 44.1இல் இருக்கும் சிடி பாட்டையும் 48ஆக மாற்றித்தான் வெளியே விடும். அந்த மாற்றம் காதுக்குத் தெரிவது அரிது. அதைவிடத் தொந்தரவு, ஆலாபனை நடுவில் மெயில் வந்த மணி ஸ்பீக்கரில் டிங் என்று அடிப்பது. ஃபூபார்2000 மாதிரி ஒரு இலவச ப்ளேயரைப் போட்டு, வாசாபி எக்ஸ்க்ளூசிவ் என்ற வழியைத் தேர்ந்தெடுத்தால் டாக் அந்தப் பாட்டுக்கு மட்டும் ஒதுக்கப்படும். மிக்ஸரும் கிடையாது, மணியும் கிடையாது. மேக் வைத்திருப்பவர்கள் ஆடியோ மிடி செட்டப் என்ற சின்ன ஆப்பில் இந்த எண்ணைக் கையால் மாற்றிக்கொள்ளலாம்.

லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து நேராக ஆம்புக்கு வயர் இழுக்கலாமா? இழுக்கலாம், பாடும். ஆனால் சிடி ப்ளேயர் முழு அளவில் தருவது 2 வோல்ட். ஹெட்ஃபோன் துளையில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் வரும். ஆம்பை அதிகமாகத் திருப்புவீர்கள், கூடவே இரைச்சலும் ஏறும். ஒரு நல்ல சின்ன டாக் வாங்கிவிடுவது மேல்.

இப்போது ஹம் பற்றிச் சொல்கிறேன். இதில் நான் இரண்டு வாரம் தவித்தேன், நீங்கள் தவிக்க வேண்டாம். லேப்டாப்பை டாக்கில் மாட்டியதும் ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று ஒரு முனகல். பாட்டு ஓடும்போது தெரியாது. தம்பூரா மட்டும் ஒலிக்கும் அமைதியான இடத்தில், சுருதிக்குப் பக்கத்தில் இன்னொரு தப்பான சுருதி போல அது வந்து நிற்கும். டாக்கைக் குறை சொன்னேன், ஆம்பைக் குறை சொன்னேன். கடைசியில் ஒருநாள் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் சட்டென்று நின்றுவிட்டது.

காரணம் இதுதான். லேப்டாப் சார்ஜர் மூன்று பின், அதில் எர்த் உண்டு. ஆம்பும் மூன்று பின், அதிலும் எர்த் உண்டு. இரண்டும் ஹாலில் வேறு வேறு சுவரில், வேறு வேறு பிளக் பாயிண்டில் மாட்டியிருந்தன. ஆடியோ வயரின் மேல் கம்பி இந்த இரண்டு எர்த்தையும் இணைத்து ஒரு வளையமாக்கிவிடுகிறது. அந்த வளையத்தில் ஓடும் துளி மின்சாரம்தான் 50 ஹெர்ட்ஸ் முனகலாக ஸ்பீக்கரில் கேட்கிறது. எர்த்திங் சரியாக இல்லாத பழைய வீடுகளில் இது இன்னும் மோசம்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் லேப்டாப்பையும் ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் ஆப்டிகல் வயர். அதில் போவது வெளிச்சம், மின்சாரம் அல்ல. ஆகவே வளையம் அங்கேயே அறுந்துவிடும். வீம் ப்ரோவில் ஆப்டிகல் அவுட் இருக்கிறது. லேப்டாப்பில் பெரும்பாலும் இருக்காது, பைக்குத் தனியாக ஒரு சின்னப் பலகை வாங்கி மேலே பொருத்தலாம். ஆனால் எர்த் பின்னை உடைத்துவிட்டால் ஹம் போய்விடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். போகும்தான். ஆனால் அந்தப் பின் நம் உயிருக்காக வைத்தது. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

கரண்ட் என்று பேச்சு வந்துவிட்டதால் இன்னொன்று. மேஜைக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதே 60 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவும் பகலும் ஆன் செய்து வைத்தால் 2 மாதத்தில் 86 யூனிட். தமிழ்நாட்டில் 2 மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதில் பெரும்பகுதியைப் பாட்டுப் பெட்டியே சாப்பிட்டுவிடும். பை சுமார் 4 வாட், அதே 2 மாதத்தில் 6 யூனிட்டுக்குள். ஃபேன் சத்தமும் இல்லை.

பையில் வேறு ஒரு சிக்கல் உண்டு. அதன் மென்பொருள் எஸ்டி கார்டில் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெட்டுவிடலாம். எனக்கு இரண்டு கார்டு போயிருக்கிறது. அப்புறம்தான் பைகோர்ப்ளேயர் என்ற மென்பொருளுக்கு மாறினேன். அது ஆன் ஆனதும் முழுசாக ராமுக்குள் ஏறிக்கொள்ளும், கார்டைத் தொடாது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை கரண்ட் போய் வந்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. வால்யூமியோ, மூட் ஆடியோ ஆகியவையும் நல்லவைதான், பார்க்க இன்னும் அழகு. கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் என் ஓட்டு பைகோர்ப்ளேயருக்கு.

இப்போது முக்கியமான கேள்வி. உங்கள் பாட்டு எங்கே இருக்கிறது? கடைக்குப் போவதற்கு முன்னால் இதற்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பாட்டிஃபைதான் என்றால் ஸ்ட்ரீமர் வாங்குவது சுலபம். ஸ்பாட்டிஃபை கனெக்ட் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதில் போன் வெறும் ரிமோட்தான். பாட்டை இணையத்திலிருந்து ஸ்ட்ரீமரே இழுத்துக்கொள்ளும். போன் வந்தாலும் பாட்டு நிற்காது, போனை எடுத்துக்கொண்டு நீங்கள் கடைக்குப் போனாலும் வீட்டில் பாடிக்கொண்டே இருக்கும். புளூடூத் அப்படி இல்லை, எல்லாமே போன் வழியாகச் சுருங்கித்தான் போகும்.

ஆப்பிள் மியூசிக் என்றால் கவனம் வேண்டும். 2021 ஜூனிலிருந்து கூடுதல் கட்டணம் இல்லாமல் லாஸ்லெஸ், அதாவது எதையும் வெட்டிக் குறைக்காத பாட்டு, கொடுக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் ஐபோனிலிருந்து அனுப்ப, வைஃபை வழியாகப் பாட்டை அனுப்பும் ஆப்பிளின் ஏர்ப்ளே வசதி ஸ்ட்ரீமரில் வேண்டும். வீம் ப்ரோவில் ஏர்ப்ளே உண்டு. அதைவிட விலை கூடிய, தொடுதிரை வைத்த வீம் அல்ட்ராவில் அது கிடையாது. விலை அதிகம் என்பதால் எல்லாம் இருக்கும் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், பெட்டியில் எழுதியிருப்பதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

யூடியூபில் கேட்பவர்கள் நம்மில் அதிகம். யூடியூப் மியூசிக்கின் உச்சமே விநாடிக்கு 256 கிலோபிட், அதாவது 256 கேபிபிஎஸ்தான், லாஸ்லெஸ் கிடையாது. அதற்காக வருத்தப்படாதீர்கள். அந்தக் காலத்துக் கச்சேரிகள், யாரோ ஸ்பூல் டேப்பில் பிடித்து வைத்தவை, வேறெங்கும் கிடைக்காதவை அங்கே குவிந்து கிடக்கின்றன. கச்சேரி முக்கியமா, கேபிபிஎஸ் முக்கியமா என்று கேட்டால் நான் கச்சேரி பக்கம். இந்த இடத்தில் கம்ப்யூட்டரை மிஞ்ச எதுவும் இல்லை. எந்தத் தளமாக இருந்தாலும் பிரௌசரைத் திறந்து ஓட விடலாம். இந்த ஆப் உண்டு, அந்த ஆப் இல்லை என்ற பேச்சே இல்லை. பழைய லேப்டாப் ஒன்று பரணில் தூங்கினால் முதலில் அதை இறக்கித் துடைத்து, டாக் மட்டும் வாங்கி, ஒரு மாதம் கேளுங்கள். அதற்குள் உங்களுக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சொந்தமாக சிடி சேர்த்தவர்களுக்கு இது. என்னிடம் அப்பா வாங்கியது, நான் வாங்கியது என்று 400 சிடி இருக்கின்றன. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொன்றாக எடுத்து, தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் ஃபைலாக ஆக்கினேன். ஒரு சிடி சுமார் 300 எம்பி. மொத்தமும் 120 ஜிபிதான், ஒரு சின்ன எஸ்எஸ்டியில் அடங்கிவிட்டது. அதிக நேரம் பிடித்தது பெயர்களைச் சரிசெய்வதில்தான். இளையராஜாவின் பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதியிருப்பார்கள், ப்ளேயர் அவரை நாலைந்து பேராக்கி அடுக்கி வைக்கும். எடுக்கும்போதே ஒரே மாதிரி எழுதிவிடுங்கள். ராகத்தின் பெயருக்கும் ஒரு இடம் ஒதுக்குங்கள், பிற்பாடு கல்யாணி மட்டும் கேட்க வேண்டும் என்று தோன்றும் நாள் வரும்.

இப்படிச் சேர்த்தவர்கள் ஸ்ட்ரீமரில் கட்டாயம் பார்க்க வேண்டியது, பாட்டுக்குப் பாட்டு இடைவெளி இல்லாமல் ஓடுகிறதா என்பதை. சினிமாப் பாட்டுக்கு இது பொருட்டில்லை. கச்சேரி சிடியில் ராகம் ஒரு டிராக், தானம் ஒரு டிராக், பல்லவி ஒன்று, தனி ஆவர்த்தனம் ஒன்று என்று வெட்டி வைத்திருப்பார்கள். மிருதங்கம் கோர்வையை முடித்து, பாடகர் பல்லவியை எடுக்கும் அந்த ஒரு கணத்துக்காகத்தான் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். சரியாக அங்கே ஒரு விநாடி மௌனம் விழுந்தால் எல்லாம் போயிற்று. டிஎல்என்ஏ என்ற வீட்டு நெட்வொர்க் முறை வழியாகப் பாடும் பல பெட்டிகளில் இந்த இடைவெளி விழுகிறது. கடையில் போட்டுக் காட்டச் சொல்லும்போது ஒரு கச்சேரியைப் பென் டிரைவில் எடுத்துப் போய் இந்த இடத்தைக் கேளுங்கள்.

அப்புறம் ஆயுள். ஸ்ட்ரீமர் என்பது உள்ளுக்குள் ஒரு கம்ப்யூட்டர்தான், மென்பொருள் நின்றால் அதுவும் நிற்கும். கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ என்ற சின்ன ஸ்ட்ரீமர் 2015இல் வந்தது, 2019இல் தயாரிப்பை நிறுத்தினார்கள். 2025 மார்ச்சில் உள்ளே இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியாகி, வீடுகளில் இருந்தவை திடீரென்று ஊமையாகிவிட்டன. கூகுள் சில நாளில் சரிசெய்தது. இதற்கு நேர் எதிர் கதை ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற பழைய ஸ்ட்ரீமர். அதை உருவாக்கிய நிறுவனத்தை 2006இல் லாஜிடெக் வாங்கியது, 2012இல் நிறுத்திவிட்டது. ஆனால் அதன் சர்வர் மென்பொருள் திறந்த மூலம் என்பதால் ஆர்வலர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். இன்று லிரியன் என்ற பெயரில் உயிரோடு இருக்கிறது, பழைய பெட்டிகளும் அதோடு சேர்ந்து இன்னும் பாடுகின்றன. ஆகவே ஒரு லட்ச ரூபாய் ஸ்ட்ரீமரைவிட, குறைந்த விலை ஸ்ட்ரீமரும் நல்ல டாக்கும் தனித்தனியாக வாங்கச் சொல்வேன். பத்து வருடம் கழித்து டாக் அப்படியே இருக்கும், முன்னால் இருப்பதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மிச்சப் பணம் ஸ்பீக்கருக்குப் போகட்டும், வித்தியாசம் அங்கேதான் கேட்கும். ஸ்ட்ரீமருக்கென்று ஆயிரக்கணக்கில் நெட்வொர்க் வயர் விற்கிறார்கள், அது வேண்டவே வேண்டாம். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பாட்டுக்கே விநாடிக்கு 9 மெகாபிட்தான் தேவை, சாதாரண வயர் தாராளமாகப் போதும்.

கடைசியில் எங்கள் வீட்டில் என்ன ஆனது என்று சொல்கிறேன். அம்மாவுக்குக் காலை ஐந்தரைக்குப் பக்திப் பாட்டு வேண்டும். லேப்டாப் இருந்தவரை என்னை எழுப்புவார், அல்லது எழுப்ப மனமில்லாமல் கேட்காமலே இருந்துவிடுவார். அவர் கேட்காமல் இருந்த காலைகள் எத்தனை என்று எனக்குத் தெரியவே இல்லை. வீம் வந்த பிறகு, தனியாக வாங்கிய ரிமோட்டில் 1 என்ற பொத்தானில் அவருடைய பாட்டுகளைப் போட்டுக் கொடுத்தேன். இப்போது காபி போடும் முன் அந்தப் பொத்தானை அழுத்திவிடுகிறார். நான் பாட்டு கேட்டுக்கொண்டேதான் எழுந்திருக்கிறேன்.

ஆகவே இனி பை ரௌட்டருக்குப் பக்கத்தில் போகும், 400 சிடியையும் வைத்துக்கொண்டு லிரியன் சர்வராக. வீம் இங்கே ஹாலில், அதிலிருந்து எடுத்துப் பாடும், கச்சேரியில் இடைவெளியும் விழவில்லை. லேப்டாப் யூடியூப் கச்சேரிக்காக இந்தத் தட்டிலேயே இருக்கட்டும்.

இதோ வயரை மாற்றிவிட்டேன். அம்மா ஒரு தோடி ஆலாபனை கேட்டிருக்கிறார். கேமரா மைக்கில் அது சரியாக வராது, அதனால் இங்கே அணைத்துவிடுகிறேன்.